15 டாலருக்கு ஒரு கடற்கரை: எல்டன் பென்னட்டின் சில்க் ஸ்கிரீன் படங்கள்

கேட்டவர் சியாட்டிலில் வேலை பார்க்கும் ஒரு தமிழர். பழைய சாமான் கடையில் சட்டம் போட்ட ஒரு படம் வாங்கியிருக்கிறார். மூடுபனிக்குள் உயரமான மரங்கள், அடியில் கோடரியோடு இரண்டு சின்ன மனிதர்கள், கீழே பென்சிலில் எல்டன் பென்னட் என்று கையெழுத்து. அவர் கேட்பது மூன்று விஷயம். இவர் யார்? இது அசலா, அச்சடித்த போஸ்டரா? ஒரே படம் நூற்றுக்கணக்கில் இருக்கிறது என்றால் அதற்கு என்ன மதிப்பு?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பென்னட்டின் படங்கள் அச்சுதான், அசலும்தான். ஓர் ஓவியத்தை வரைந்து முடித்து, அதைக் கேமராவில் எடுத்து, பிரதி போட்ட சமாசாரம் இல்லை. ஓவியம் என்று தனியாக எங்கேயும் கிடையாது. நிறம் இறங்க வேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும் ஸ்டென்சில் செய்து, ஒவ்வொரு நிறமாகத் தாளில் இழுத்து, கடைசி நிறமும் ஏறிய பிறகுதான் அந்தப் படம் உலகத்துக்கு வருகிறது. நூறு தாளில் இழுத்தால் நூறும் அசல். இது பிடிபட்டால் மதிப்பு பற்றிய கேள்வியும் தானாக வழிக்கு வரும். எடுத்துக்கொண்ட பொருள், கையாண்ட முறை, வைத்த விலை மூன்றும் இவ்வளவு பொருத்தமாக அமைந்த கலைஞர்கள் ரொம்பக் குறைவு. பென்னட் அந்த அரிய கூட்டத்தில் ஒருவர் என்பது என் கருத்து. ஏன் என்று விளக்க, ஊரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் கிரேஸ் ஹார்பர் என்று ஒரு விரிகுடா. 1792ல் ராபர்ட் கிரே என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் உள்ளே நுழைந்ததால் அந்தப் பெயர். செஹேலிஸ், விஷ்கா, ஹோக்வியம், ஹம்ப்டூலிப்ஸ் ஆகிய ஆறுகள் அதில் வந்து சேர்கின்றன. உள்கரையில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல மூன்று ஊர்கள்: அபர்டீன், ஹோக்வியம், காஸ்மாபொலிஸ். நிர்வாணா இசைக்குழுவின் கர்ட் கோபேன் பிறந்தது அபர்டீனில்தான் என்றால் சிலருக்குச் சட்டென்று பிடிபடும். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிற இடம். கொட்டித் தீர்த்துவிட்டு வெளுக்கிற மழையில்லை, இலையுதிர் காலத்தில் பிடித்தால் வசந்தம் முடியும் வரை நசநசவென்று விடாத தூறல். வானம், கடல், மலை மூன்றும் ஒரே சாம்பல் நிறத்தின் வெவ்வேறு கனங்களாகத் தெரியும் நாட்கள் அங்கே ஏராளம். பென்னட்டின் படங்களைப் பார்த்துவிட்டு, மனிதர் நிறத்தில் இப்படிச் சிக்கனம் பிடித்திருக்கிறாரே என்று நினைப்பவர்கள் ஒரு டிசம்பர் மாதம் அந்தப் பக்கம் போய் வர வேண்டும். அங்கே கண்ணுக்குக் கிடைக்கிற நிறமே அவ்வளவுதான்.

அந்த மழைதான் காட்டை வளர்த்தது. டக்ளஸ் ஃபிர், சிட்கா ஸ்ப்ரூஸ், வெஸ்டர்ன் ரெட் சீடார், ஹெம்லாக். பழைய காட்டில் 60, 70 மீட்டர் உயரம் என்பதெல்லாம் சாதாரணம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மரக்கம்பெனிகள் உள்ளே வந்தன. முதல் உலகப் போரில் விமானங்களின் உடற்சட்டகம் செய்ய ஸ்ப்ரூஸ் மரம் தேவைப்பட்டபோது, 1917ல் அமெரிக்க ராணுவம் அதற்கென்றே ஒரு பிரிவை அமைத்து, சிப்பாய்களை இந்தக் கரையோரக் காடுகளுக்கு மரம் வெட்ட அனுப்பியது. 1920களின் நடுவில் கிரேஸ் ஹார்பர் துறைமுகத்திலிருந்து ஒரே வருடத்தில் நூறு கோடி போர்டு அடி மரம் கப்பலேறியது. ஓரடி நீளம், ஓரடி அகலம், ஓரங்குலக் கனம் கொண்ட பலகை ஒரு போர்டு அடி. அந்தக் கணக்கில் நூறு கோடி என்றால் காடு எந்த வேகத்தில் கரைந்தது என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் 1929க்குப் பிறகு வந்த பொருளாதார வீழ்ச்சியில் மரம் அறுக்கும் மில்கள் வரிசையாக மூடின.

வேலை எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பென்னட்டின் படங்களில் வருகிற மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பது அப்போதுதான் புரியும். பெரிய மரத்தின் அடிப்பாகம் பருத்து, விரிந்து, பிசின் கட்டி இருக்கும். அங்கே ரம்பம் போட்டால் நாள் முழுக்கப் போய்விடும். அதனால் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கும் மேலே மரத்தில் பள்ளம் வெட்டி, நுனியில் இரும்பு வைத்த ஒரு பலகையை அதில் செருகுவார்கள். எதிரெதிரே இப்படி இரண்டு பலகை. அதன்மேல் நின்றுகொண்டு இரண்டு பேர் நீள ரம்பத்தை மாறி மாறி இழுப்பார்கள். மழையில் நனைந்த பலகை, காலில் ஆணியடித்த பூட்ஸ், கீழே வெட்டுண்ட கட்டைகளும் முள்ளும். மரம் முறியும் சத்தம் கேட்டதும் இருவரும் குதித்து ஓட வேண்டும். வடமேற்குக் காடுகளில் இன்றும் அடிக்கட்டைகளில் அந்தப் பலகைப் பள்ளங்களைப் பார்க்கலாம்.

சாய்த்த மரத்தை இழுத்து வர முதலில் மாடு, குதிரை. பிறகு 1881ல் கலிஃபோர்னியாவில் ஜான் டோல்பியர் உண்டாக்கிய நீராவி விஞ்ச், அதாவது கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரம். அதை டாங்கி என்ஜின் என்பார்கள். அதன் கம்பிவடத்தை உயரத்தில் தூக்கிக் கட்ட ஒரு மரம் வேண்டும். நல்ல நேரான, பெரிய மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒருவன் இடுப்பில் கயிறும் காலில் கொக்கிமுள்ளும் கட்டிக்கொண்டு ஏறுவான். ஏற ஏற, கிளைகளைக் கழித்துக்கொண்டே போவான். 50, 60 மீட்டர் உயரத்தில் உச்சியை அறுத்துத் தள்ளுவான். உச்சி பிய்ந்து விழும்போது மிச்ச மரம் அங்குமிங்கும் ஆடும். அவன் அதைப் பிடித்துக்கொண்டு மேலேயே இருப்பான். அப்புறம் அந்த மொட்டை மரத்தில் கப்பி கட்டி, வடம் ஓட்டி, மலைச்சரிவிலிருந்து டன் கணக்கில் கட்டைகளை இழுப்பார்கள். கட்டைக்குக் கம்பி மாட்டுபவர்களுக்கும் என்ஜின் ஓட்டுபவருக்கும் நடுவில், விசில் கம்பியை இழுத்துச் சைகை கொடுக்க ஒரு பையன் இருப்பான். அவன் ஒரு நொடி தவறினால் யாரோ ஒருவர் உயிர் போகும். போயிருக்கிறது, நிறையவே.

இந்த மனிதர்கள் சும்மா வாய்மூடி இருந்தவர்களும் இல்லை. 1912ல் கிரேஸ் ஹார்பர் மில்களில் பெரிய வேலைநிறுத்தம். 1917ல் எட்டு மணி நேர வேலை கேட்டு வடமேற்குக் காடுகள் முழுக்க வேலை நின்றது. 1935ல் இன்னொன்று. ஃபின்லாந்து, ஸ்வீடன், குரோவேஷியா என்று பல நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் கலந்து வாழ்ந்த ஊர்கள் இவை.

எல்டன் பென்னட் 1910ல் காஸ்மாபொலிஸில் பிறந்தார். வாழ்ந்ததும் தொழில் செய்ததும் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹோக்வியமில். சிறுவனாக இருந்தபோது மரத்தொழில் உச்சத்தில் இருந்தது, இளைஞனானபோது வீழ்ச்சி வந்துவிட்டது. இரண்டையும் பக்கத்திலிருந்து பார்த்த தலைமுறை அது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வருடங்களில் அவர் சில்க் ஸ்கிரீன் முறையில் படங்கள் செய்து விற்கத் தொடங்கினார். சாகும் வரை அதைத்தான் செய்தார். காடு, மரம் வெட்டுகிறவர்கள், கடற்கரை, அலை, படகு, கரைப்பறவைகள், வாத்துக் கூட்டங்கள். பொருளை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை. சிலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஒரே கரையை இருபது வருடத்துக்கு மேல் பார்த்துக்கொண்டிருப்பதும் ஒரு பயிற்சிதான், அது அவர் கையில் தெரிகிறது.

சரி, முறைக்கு வருவோம். நான் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் தொழில் கற்றவன், அதனால் இங்கே கொஞ்சம் நீட்டுவேன். நம் ஊரில் கல்யாணப் பத்திரிகை, துணிக்கடைப் பை, திருப்பூர் பனியன் எல்லாம் இந்த முறையில்தான் அச்சாகி வந்தன, இன்னும் வருகின்றன. கோலப்பொடியை ஓட்டைத் தகட்டின் மேல் தூவினால் ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும் பொடி விழுந்து தரையில் கோலம் நிற்கிறது இல்லையா, அடிப்படை அதுதான். தகட்டுக்குப் பதில் மரச்சட்டத்தில் இறுக்கி இழுத்துக் கட்டிய மெல்லிய பட்டுத்துணி. நிறம் இறங்கக்கூடாத இடத்தையெல்லாம் அடைத்துவிட்டு, மையை ஊற்றி ரப்பர் பட்டையால் அழுத்தி ஓர் இழுப்பு. ஒரு ஸ்கிரீனில் ஓர் இழுப்புக்கு ஒரு நிறம்.

இதன் வரலாறு சுருக்கமாக: ஜப்பானில் துணிக்குச் சாயம் போட நுணுக்கமான ஸ்டென்சில்களைப் பல நூற்றாண்டுகளாகச் செய்து வந்தார்கள். 1907ல் மான்செஸ்டரில் சாமுவேல் சைமன் பட்டுத்துணி ஸ்கிரீனுக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த முப்பது வருடம் அது அமெரிக்காவில் விளம்பரப் பலகைக்காரர்களின் தொழில். 1930களின் வீழ்ச்சிக் காலத்தில் அரசாங்கமே கலைஞர்களைச் சம்பளத்துக்கு வைத்தபோது, 1938ல் நியூயார்க்கில் ஆன்டனி வெலோனிஸ் தலைமையில் ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பிரிவு தொடங்கியது. ஓவியர்கள் இந்தக் கடைத்தெருத் தொழிலைக் கையில் எடுத்தது அங்கேதான். வெலோனிஸ் செய்முறையை விளக்கி ஒரு சின்னக் கையேடு எழுதினார். மற்ற அச்சு முறைகளுக்குத் தேவைப்படும் லித்தோ கல், செம்புத் தகடு, பெரிய பிரெஸ் எதுவும் வேண்டாம். நாலு மரச்சட்டமும் கொஞ்சம் பட்டுத்துணியும் இருந்தால் வீட்டுக் கொட்டகையிலேயே நூறு படம் போடலாம். பெரிய நகரத்திலிருந்து ஒதுங்கிய ஒரு மரத்தொழில் ஊரில் இருக்கும் கலைஞனுக்கு இதைவிடத் தோதான முறை ஏது?

இந்த முறைக்கு ஒரு குணம் உண்டு: பட்டையான நிறத்தைத்தான் அது இயல்பாகத் தரும். வாட்டர்கலர் மாதிரி குழைந்து ஓடாது. அப்படியானால் மூடுபனியை எப்படிக் கொண்டு வருவது? இங்கேதான் கைவண்ணம். ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம்: பின்னால் கடல், நடுவில் இரண்டு மலை, முன்னால் மரங்கள், அடியில் ஆட்கள்.

முதல் ஸ்கிரீனில் மிக வெளிறிய சாம்பல் பச்சை, கிட்டத்தட்ட முழுத் தாளுக்கும். அலை நுரை வர வேண்டிய இடத்தை மட்டும் அடைத்துவிட வேண்டும். அங்கே தாளின் வெள்ளையே நுரையாக நிற்கும். வெள்ளை மை போட்டால் அந்தத் துலக்கம் வராது. இரண்டாவதில் தூரத்து மலை. இந்த மையில் நிறமற்ற பேஸ் நிறையக் கலந்திருக்கும், அதனால் அடியில் இருக்கும் வான நிறம் ஊடுருவித் தெரியும். மூன்றாவதில் கிட்டத்து மலை, அதே மை கொஞ்சம் கூடுதல் கனத்தில். அது தூரத்து மலையின் மேல் ஏறும் இடத்தில் மூன்று அடுக்கும் சேர்ந்து நாம் கலக்காத ஒரு நிறம் தானாகப் பிறக்கும். மலையின் அடிவாரம் பனிக்குள் கரைவது போல வேண்டுமென்றால் ஸ்கிரீன் மேலேயே கனமான மையையும் வெளிறிய மையையும் பக்கத்துப் பக்கத்தில் ஊற்றி ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இரண்டும் சேரும் எல்லை மெல்லக் கலந்து போகும். ஒவ்வொரு தாளிலும் அந்தக் கலப்பு சற்று மாறும். அப்புறம் மரத்தண்டுகள், அழுத்தமான பழுப்பு அல்லது நீலக்கருப்பு. கடைசி ஸ்கிரீனில் மிகக் குறைவான இடம்தான் திறந்திருக்கும்: ஆட்கள், ரம்பம், பறக்கும் இரண்டு பறவை.

கவனித்தீர்களா, வெளிச்சத்திலிருந்து இருளுக்கும் தூரத்திலிருந்து கிட்டத்துக்கும் ஒரே வரிசையில் வருகிறோம். பனி மூடிய கரையைக் கண் பார்ப்பதும் அப்படித்தான்: தூரத்தில் இருப்பது வெளிறும், பக்கத்தில் இருப்பது கருக்கும். முறையின் வரிசையும் அந்த ஊரின் வெளிச்சமும் ஒன்றாகிவிட்டன. பென்னட்டின் நல்ல படங்களில் நான் மயங்குவது இதற்காகத்தான். ஜப்பானிய மரவெட்டு அச்சுகளின் சாயல் அவரிடம் இருக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் அந்தக் கரையில் நின்று இந்த முறையைக் கையில் எடுத்த யாரும் பாதி வழி தாமாகவே அங்கே போய்ச் சேர்வார்கள் என்றும் தோன்றுகிறது.

ஸ்டென்சில் செய்யும் வழிகளும் பல. எண்ணெய்ப் பசையுள்ள கறுப்பு மையால் பட்டின் மேல் வரைந்து, முழுவதும் வஜ்ஜிரப் பசையைப் பூசி, காய்ந்ததும் மண்ணெண்ணெயால் கழுவினால், வரைந்த கோடு மட்டும் திறந்துகொள்ளும். உலர்ந்த தூரிகையால் தீற்றினால் மரப்பட்டையின் சொரசொரப்பு அப்படியே வரும். இல்லையென்றால் மெல்லிய அரக்குப் படலத்தைக் கத்தியால் வெட்டி ஒட்டலாம். அதில் விளிம்பு கூர்மையாக இருக்கும், ஆள் உருவத்துக்குத் தோது.

உழைப்பைக் கணக்குப் போடுங்கள். எட்டு நிறம், 200 தாள் என்று வைத்துக்கொண்டால் 1,600 இழுப்பு. ஒரு நிறத்தை எல்லாத் தாளிலும் போட்டு, காய வைத்து, ஸ்கிரீனைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த நிறத்துக்குப் போக முடியும். ஈரக்காற்று அடிக்கும் ஊரில் தாள் ஒரு நாள் விரியும், ஒரு நாள் சுருங்கும். ரிஜிஸ்டர், அதாவது ஒரு நிறம் இன்னொன்றோடு பொருந்தும் இடம், அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலும் மரத்துக்கும் வானத்துக்கும் நடுவில் வெள்ளைக் கோடு பல்லைக் காட்டும். ஸ்கிரீனைக் கழுவிய பிறகு அந்த நிறத்தை மறுபடி போட வழியில்லை. எத்தனை படம் என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட வேண்டும்.

இவ்வளவு உழைப்புக்குப் பிறகு அவர் வைத்த விலை 15 டாலர். சாதாரண மக்கள் வாங்க முடிகிற விலையிலேயே படம் இருக்க வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெயர் பரவிய பிறகும் ஏற்றவில்லை. 1960ல் அமெரிக்காவின் கூட்டாட்சிக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1 டாலர். அடிமட்டக் கூலி வாங்குகிறவருக்கும் அது இரண்டு நாள் சம்பளத்துக்குள் அடங்குகிற தொகை. சும்மா கிடைக்கிற பொருளும் இல்லை, எட்டாத பொருளும் இல்லை. இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 160 டாலர் ஆகும். மில் தொழிலாளி வீட்டிலும் பள்ளி ஆசிரியை வீட்டிலும் அந்தப் படம் தொங்க முடியும் என்றால் காரணம் இந்த விலைதான். மரம் வெட்டுகிறவனைப் படம் போட்டவர்கள் நிறையப் பேர். அவன் வாங்கித் தன் வீட்டுச் சுவரில் மாட்ட முடிகிற மாதிரி போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

மற்றவர்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1953ல் லைஃப் பத்திரிகை வடமேற்கு ஓவியர்கள் நால்வரைப் பற்றி எழுதி அவர்களை நாடறியச் செய்தது: மார்க் டோபி, மாரிஸ் கிரேவ்ஸ், கென்னத் கலஹன், கை ஆண்டர்சன். அதே மழை, அதே பனி. ஆனால் அவர்களுடைய படங்கள் மியூசியத்துக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போயின. 1962ல் ஆண்டி வார்ஹால் நியூயார்க்கில் புகைப்படத்தை ஸ்கிரீனில் ஏற்றி மர்லின் மன்றோவின் முகத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்தார், சில்க் ஸ்கிரீன் உலகப் புகழ் பெற்றது. அதே வருடங்களில், அதே ரப்பர் பட்டையால், நாட்டின் மறு கோடியில் பென்னட் அலை நுரைக்கு இடம் விட்டுக்கொண்டிருந்தார். எனக்கு இரண்டும் பிடிக்கும். ஆனால் கலை வரலாற்றுப் புத்தகங்கள் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகின்றன என்பதில் வருத்தம் உண்டு.

எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவில் நடந்தது இன்னொரு வகை. 1942ல் ஓவியர் ஏ. ஒய். ஜாக்சன் முன்கை எடுக்க, கனடாவின் தேசியக் கலைக்கூடமும் டொரன்டோவின் சாம்ப்சன் மேத்யூஸ் அச்சகமும் சேர்ந்து, புகழ்பெற்ற இயற்கைக் காட்சி ஓவியங்களைப் பெரிய சில்க் ஸ்கிரீன் படங்களாகப் போட்டு ராணுவ முகாம்களுக்கு அனுப்பின. பிறகு அவை பள்ளிக்கூடங்களுக்கும் வங்கிகளுக்கும் போயின. அருமையான வேலை, ஆனால் அங்கே மூல ஓவியம் வேறு, அச்சு வேறு. இங்கிலாந்திலிருந்து 1947ல் குடிபெயர்ந்து வான்கூவர் தீவின் கேம்பல் ரிவரில் வாழ்ந்த சிபில் ஆண்ட்ரூஸ், மரத்தொழிலாளர்களை லினோகட் முறையில், அதாவது லினோலியம் தகட்டில் வெட்டி அச்செடுக்கும் முறையில், செதுக்கினார். அவர் படங்களில் உடல்களின் விசை பிரமாதம்: வளைந்த முதுகுகள், இழுபடும் கட்டைகள், எல்லாம் சுழலும். பென்னட்டிடம் அந்த வேகம் கிடையாது. அவர் ஆட்கள் சிறியவர்கள், மரம் பெரியது. மூன்று மீட்டர் விட்டமுள்ள மரத்தின் பக்கத்தில் நின்றால் ஆள் அப்படித்தான் இருப்பான் என்ற உண்மையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அவரைக் குறை சொல்கிறவர்கள் எழுப்பும் ஒரு கேள்வியைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. ஆயிரம் வருடக் காட்டை அழித்த தொழிலை இப்படி அழகாகக் காட்டலாமா? வெட்டி மொட்டையாக்கிய மலைச்சரிவு, மண்ணடித்துப் போன சால்மன் ஓடை, அதற்கெல்லாம் முன்பிருந்தே அந்தக் கரையில் வாழும் குவினால்ட், செஹேலிஸ் பழங்குடி மக்கள், இவையெல்லாம் எங்கே? நியாயமான கேள்வி. அவர் வேலை செய்த 1950, 60களில் சங்கிலி ரம்பமும் டிரக்கும் வந்துவிட்டன. உச்சி வெட்டிய மரத்துக்குப் பதில் எஃகுக் கோபுரம் வந்துகொண்டிருந்தது. கை ரம்பக் காலம் கண்முன்னே முடிந்துகொண்டிருந்தது. 1990ல் பழைய காட்டில் வாழும் புள்ளி ஆந்தை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினமாக அரசுப் பட்டியலில் சேர்ந்தபோது, பழைய காட்டை வெட்டுவது பற்றிய சண்டை ஊர்களையே இரண்டாகப் பிளந்தது. அந்தச் சண்டையில் ஒரு பக்கம் பேசும் படங்கள் அல்ல இவை. மரத்தின் பிரமாண்டத்தையும், பென்னட் அதன் அடியில் நின்று உயிரைப் பணயம் வைத்து உழைத்தவனையும் ஒரே தாளில் ஒரே மரியாதையோடு வைத்தார். இரண்டில் ஒன்றைச் சிறுமைப்படுத்தியிருந்தால் படம் எளிதாகப் பிரசாரமாகியிருக்கும். காட்டை நேசிக்கிறவனும் அந்தப் படத்தை மாட்டலாம், தாத்தா மரம் வெட்டியவர் என்று பெருமைப்படுகிறவனும் மாட்டலாம். அது சமரசம் என்பார்கள் சிலர். அங்கே வாழ்கிற ஒருவரின் நேர்மை என்றுதான் நான் சொல்வேன், ஏனென்றால் அந்த ஊரில் பல வீடுகளில் இந்த இரண்டு பேரும் ஒருவர்தான்.

பென்னட்டின் முடிவு துயரமானது. 1974 ஜனவரி 30 அன்று, ஆக்லாந்திலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் வழியில் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவில் இறங்க வந்த பான் ஆம் 806 விமானம், மழையில் ரன்வேயை எட்டுவதற்கு ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் காட்டில் விழுந்தது. விமானத்தில் இருந்த 101 பேரில் 97 பேர் இறந்தார்கள். அவர்களில் பென்னட்டும் அவர் மனைவி ஃப்ளோராவும். அவருக்கு அறுபதுகளின் ஆரம்ப வயதுதான்.

இனி உங்கள் படம். சட்டத்திலிருந்து கவனமாக எடுத்து, கண்ணாடி இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். சில்க் ஸ்கிரீன் மை தாளுக்குள் ஊறிப் போகாது, மேலே படிந்து நிற்கும். ஒரு நிறம் இன்னொன்றின் மேல் ஏறும் இடத்தில் மெல்லிய படி தெரியும், கறுப்புப் பகுதியில் மினுமினுப்பு வேறாக இருக்கும். அப்புறம் ஒரு பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றால் அது ஆஃப்செட்டில், அதாவது புத்தகம், போஸ்டர் அச்சடிக்கும் எந்திரத்தில், போட்ட பிரதி. புள்ளி இல்லாமல் நிறம் தட்டையாக, விளிம்பில் துணி இழையின் பல்வரிசை லேசாகத் தெரிந்தால் ஸ்கிரீன்தான். கையெழுத்து பென்சிலா என்பதையும் சாய்த்துப் பார்த்தே சொல்லலாம். பென்சில் கோட்டில் கிராஃபைட் மினுங்கும், தாளில் சின்ன அழுத்தம் இருக்கும். எங்காவது ரிஜிஸ்டர் துளி விலகியிருந்தால் கவலைப்படாதீர்கள், கையால் இழுத்ததற்கு அது சாட்சி.

ஓரத்தை வெட்டாதீர்கள். சட்டத்துக்குப் பொருந்தவில்லை என்று பழைய சட்டம் போடுபவர்கள் வெட்டிவிடுவார்கள், கையெழுத்தும் தலைப்பும் அதோடு போய்விடும். பின்பக்கம் பழுப்பு அட்டை இருந்தால் அதன் அமிலம் தாளைக் கறையாக்கும், அமிலமில்லாத அட்டைக்கு மாற்றச் சொல்லுங்கள். தாளைப் பசை போட்டு அட்டையில் ஒட்ட ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நேர் வெயில் ஆகாது, குளியலறைச் சுவர் ஆகவே ஆகாது.

மதிப்பு? இன்று பழம்பொருள் சந்தையில் அவருடைய படங்கள் 15 டாலரைப் போலப் பல மடங்குக்குப் போகின்றன. ஆனால் பிரதி அதிகம் என்பதால் விலை குறைவு என்று நினைத்து விற்றுவிட வேண்டாம். பிரதி அதிகம் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் தேர்வு. அதைக் கூடத்தில் மாட்டிப் புழங்க விடுங்கள்.

சியாட்டிலிலிருந்து ஹோக்வியம் 180 கிலோமீட்டர் போல, இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அங்கே ஒரு பழைய மரக்கம்பெனிக் குடும்பத்தின் மாளிகையில் போல்சன் மியூசியம் இருக்கிறது. ரம்பம், கம்பிவடம், கப்பி எல்லாவற்றின் உண்மையான அளவையும் அங்கே நேரில் பார்க்கலாம். ஏப்ரல் கடைசியில் போனால் ஊருக்கு மேற்கே போவர்மன் பேசின் சேற்றுப் பரப்பில் வடக்கே வலசை போகும் கரைப்பறவைகள் லட்சக்கணக்கில் இறங்கியிருக்கும். அலையேற்றம் உச்சிக்கு வரும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், தண்ணீர் ஏறும்போதுதான் பறவைகள் கரைக்குப் பக்கத்தில் ஒதுங்கும். மழைச்சட்டை மறக்காதீர்கள்.